காஃப்கா 4.0-க்கு மாற்றியபின் சில கிளையண்ட்கள் மட்டும் இணைய மறுக்கின்றன: மூலத்தைப் பிடிப்பது எப்படி?

எங்கள் காஃப்காவில் (சர்வீஸ்களுக்கிடையே தரவைக் கடத்தும் மென்பொருள்) மூன்று புரோக்கர் (சர்வர்), கேராஃப்ட் முறை (நிர்வாகத் தகவலைக் காஃப்காவே வைத்துக்கொள்வது), 3.9-லிருந்து 4.0-க்கு ரோலிங் அப்கிரேட் (புரோக்கர்களை ஒவ்வொன்றாக மாற்றுவது). பெரும்பாலான சர்வீஸ்களுக்குப் பிரச்சினை இல்லை. சில மட்டும் 9092 போர்ட்டில் டிசிபி இணைப்பு கிடைத்ததுமே துண்டிக்கப்பட்டு, திரும்பத் திரும்ப முட்டிக்கொண்டே இருக்கின்றன.

வழக்கமான சந்தேகம் அட்வர்டைஸ்ட் லிசனர்ஸ்தான் (புரோக்கர் கிளையண்டுக்குச் சொல்லும் தன் முகவரி). அது இல்லை: அதே சப்நெட்டிலிருந்து புது கிளையண்ட் மூன்று புரோக்கரையும் தொடுகிறது. சான்றிதழ், டிஎன்எஸ் சரி. புரோக்கர் லாகில் ஆதரிக்கப்படாத ஏபிஐ பதிப்பு என்று பிழை வருகிறது. 4.0-ல் பழைய நெறிமுறைப் பதிப்புகளை நீக்கிவிட்டார்கள். ஜாவா கிளையண்ட் குறைந்தது 2.1 (2018) ஆக இருக்க வேண்டும். ஆக காரணம் தெரியும், எந்தக் கிளையண்ட் என்றுதான் தெரியவில்லை.

ரிக்வெஸ்ட் லாகரை (புரோக்கருக்கு வரும் கோரிக்கைகளைப் பதிவது) டீபக்கில் (மிக விரிவான பதிவு நிலை) வைத்தால் கிளையண்ட் மென்பொருள் பெயரும் பதிப்பும் வரும். ஆனால் அந்த விவரத்தை அனுப்பும் வழக்கமே 2.4-ல்தான் வந்தது, அதனால் நமக்கு வேண்டியவர்கள் எல்லாம் 'அன்னோன்'. கிளையண்ட் ஐடி காலி. ஐபியும் ஒரே நாட் (NAT) முகவரி, அதாவது பல கணினிகள் பகிரும் ஒரே வெளி முகவரி. (டீபக்கை அதிக நேரம் விடாதீர்கள், டிஸ்க் நிரம்பும்.)

மெட்டாடேட்டா பதிப்பை (காஃப்காவின் உள் தகவல் வடிவத்தின் பதிப்பு) இன்னும் உயர்த்தவில்லை, 3.9-லேயே நிற்கிறது. எனவே மென்பொருளைப் பழைய 3.9-க்கே திருப்ப வழி உண்டு.

கேள்விகள் இரண்டு. அந்த நாட் (NAT) முகவரிக்குப் பின்னால் இருக்கும் பழைய கிளையண்ட்களை, சோர்ஸ் போர்ட்டை நாட் (NAT) லாகோடு பொருத்துவது தவிர, வேறு எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? அவற்றை மாற்றும்வரை இடையில் நெறிமுறையை மொழிபெயர்க்கும் பிராக்ஸி யாராவது உற்பத்திச் சூழலில் ஓட்டியிருக்கிறீர்களா?