ஆயில் மாத்த விட்டா பெரிய லிஸ்ட் சொல்றாங்க, எதை நம்புறது?

புதுஸ்டியரிங்:
வண்டி 60,000 கிமீ ஓடியிருக்கு, ஆயில் மாத்தத்தான் விட்டேன். மதியம் போன் பண்ணி முன்னாடி பிரேக் பேடு போயிருச்சு, டிஸ்க்கும் மாத்தணும், முன் ஷாக் அப்சார்பர் லீக், ஜோடியா மாத்தணும், அப்புறம் இன்ஜின் ஃப்ளஷ் (இன்ஜினை உள்ள கழுவுறது), இன்ஜெக்டர் (இன்ஜினுக்குள்ள எரிபொருளை பீச்சுறது) க்ளீனிங், எல்லாம் பண்ணிடலாமான்னு கேக்குறாங்க. ஓட்டும்போது ஒரு சத்தமும் இல்ல, ஒரு பக்கமா இழுக்கவும் இல்ல. வேணாம்னு சொல்லவும் பயமா இருக்கு, பிரேக்காச்சே, குழந்தைங்க இதுலதான் போறாங்க. எது உண்மைன்னு எப்படி தெரிஞ்சுக்கறது? நம்பிக்கையான மெக்கானிக்கை எப்படி தேடுறது?

வீல்ஸ்பேனர்:
ஆயில் மட்டும் மாத்தி வைங்க, மிச்சத்தை நேர்ல வந்து பேசுறேன்னு சொல்லிட்டு போங்க. பேடு எத்தனை மி.மீ. இருக்குன்னு கேளுங்க. புதுசு பெரும்பாலும் 10-12 மி.மீ. இருக்கும், 3 கிட்ட வந்தா மாத்தணும். டிஸ்க்குக்கும் குறைஞ்சபட்ச தடிமன் உண்டு, அளந்து காட்டச் சொல்லுங்க. ஷாக் மேல லேசான எண்ணெய்ப் பசையில தூசி ஒட்டியிருந்தா பயப்பட வேணாம், கீழ வரைக்கும் வழிஞ்சு ஈரமா இருந்தாதான் லீக்.

ஃப்ளஷ்ஷும் இன்ஜெக்டர் க்ளீனிங்கும் ஓனர்ஸ் மேனுவல்ல இருக்கிற சர்வீஸ் அட்டவணையில இருக்கான்னு பாருங்க, அநேகமா இருக்காது, வண்டி திணறல மைலேஜும் குறையலன்னா அதுக்கு காசு குடுக்காதீங்க. ஆனா பிரேக் ஆயில் மாத்துறத மட்டும் தள்ளிப்போடாதீங்க, அது காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கும், கொதிநிலை இறங்கிடும், மலை இறக்கத்துல விடாம பிரேக் மிதிச்சா பெடல் உள்ள போயிரும். இவ்வளவு நீள லிஸ்ட்ல அதை யாரும் போடல பாருங்க, எனக்கு அதுதான் கோவம்.

நெடுஞ்சாலை:
என் வண்டில இன்ஜின் லைட் எரிஞ்சு, நிக்கும்போது குலுங்குச்சு. ஸ்கேனர் போட்டு பார்த்துட்டு நாலு காயில் (ப்ளக்குக்கு கரன்ட் குடுக்கறது), நாலு ப்ளக், இன்ஜெக்டர் எல்லாம் மாத்தணும்னாங்க. வந்த கோடு பி0301, முதல் சிலிண்டர் மிஸ்ஃபயர், அதாவது அதுல எரிபொருள் சரியா எரியலன்னு அர்த்தம். எந்த பார்ட் கெட்டுப்போச்சுன்னு அது சொல்லாது. இன்னொருத்தர்கிட்ட போனேன், அவர் எதுவும் வாங்கச் சொல்லாம முதல் சிலிண்டர் காயிலை கழட்டி மூணாவதுல மாட்டி, அங்க இருந்ததை இங்க மாட்டிட்டு கொஞ்ச தூரம் ஓட்டினார், கோடு பி0303ன்னு மாறிடுச்சு. கோளாறு காயில் கூடவே போயிருச்சுல்ல, அப்போ அந்த ஒரு காயில்தான்! பார்த்துக் குடுத்ததுக்கு தனியா கூலி கேட்டார், சந்தோஷமா குடுத்தேன். செக்கிங் ஃப்ரீன்னு சொல்ற இடத்துல பார்ட் வித்தாத்தானே அவங்களுக்கு வருமானம்.

புதுஸ்டியரிங்:
நேர்ல போய் வீலை கழட்டி காட்டச் சொன்னேன். பேடு 6 மி.மீ. இருக்கு, அதுக்கப்புறம் டிஸ்க் பத்தி பேச்சே எடுக்கல. ஆனா ஷாக்ல ஒண்ணு நிஜமாவே வழியுது. அதை மட்டும் மாத்தினா போதுமா?

வீல்ஸ்பேனர்:
இல்லைங்க, முன்னாடி ரெண்டையும் சேர்த்துத்தான் மாத்தணும், அதுல அவங்க சொன்னது சரி. முடிஞ்சதும் வீல் அலைன்மென்ட் பாருங்க. பழைய பார்ட்டை எனக்கு குடுக்கணும்னு வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க. இன்னொண்ணு, டைமிங் பெல்ட் (பிஸ்டனையும் வால்வையும் ஒரே கணக்குல ஓட வைக்கிற பெல்ட்) உள்ள வண்டின்னா மேனுவல்ல சொன்ன கணக்குக்கு மாத்திடுங்க, அறுந்துச்சுன்னா நிறைய இன்ஜின்கள்ல பிஸ்டன் போய் வால்வுல அடிச்சிரும், சந்தேகத்துல இதையும் வேணாம்னுடாதீங்க.

மெக்கானிக்கை வண்டி நின்னுபோன அன்னைக்கு தேடாதீங்க, அன்னைக்கு யார் கிடைச்சாலும் சரின்னு ஆயிடும். நல்லா ஓடும்போதே சின்னச் சின்ன வேலையா குடுத்து பாருங்க. "இது இன்னும் ஒரு வருஷம் வரும், இப்போ வேணாம்"னு தானா சொல்றவர் கிடைச்சா விட்டுடாதீங்க.

புதுஸ்டியரிங்:
ரெண்டு ஷாக்கும் மாத்தச் சொல்லிட்டேன், மத்ததெல்லாம் வேணாம்னுட்டேன். பழைய பில்லெல்லாம் எடுத்து பார்த்தேன், 3 வருஷத்துல ஒண்ணுல கூட பிரேக் ஆயில் இல்ல. நாளைக்கு அதையும் மாத்திடுறேன்.