அல்பினிசம் உள்ள குழந்தைக்கு ரத்தத்தில் செரோடோனின் எதற்குப் பார்க்கிறார்கள்?

நிலாமுற்றம்: நான்கு வயதுக் குழந்தை, பிறந்ததிலிருந்தே அல்பினிசம் (நிறமிக் குறைவு). லேசாக இடித்தாலும் கன்றிப்போகிறது, மூக்கில் ரத்தம் வந்தால் சீக்கிரம் நிற்பதில்லை. பிளேட்லெட் எண்ணிக்கை 2,80,000. ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கும் பிடி, ஏபிடிடி சோதனைகள் இரண்டும் சரி. சொத்தைப் பல் ஒன்றை எடுக்கும் முன் ரத்த செரோடோனின் பார்க்கச் சொல்கிறார் மருத்துவர். செரோடோனின் மூளை சம்பந்தப்பட்டதுதானே?

செங்குருதி: உடம்பிலுள்ள செரோடோனினில் 90 சதவீதத்துக்கு மேல் குடலில்தான் இருக்கிறது. அங்கிருந்து ரத்தத்துக்கு வருவதைப் பிளேட்லெட்டுகள் உறிஞ்சி, 'அடர்துகள்' என்னும் நுண்பைகளில் பூட்டி வைக்கும். காயம் பட்டால் அதைக் கொட்டும். நிறமியைத் தயாரிக்கும் மெலனோசோமும் இந்த அடர்துகளும் ஒரே உறவுக் குடும்பம். இரண்டையும் கட்டும் புரதங்கள் பல பொதுவானவை. அந்தப் புரதம் பழுதானால் தோலும் வெளிறும், பிளேட்லெட்டும் வெறும் பையாகும். இதுதான் ஹெர்மான்ஸ்கி–புட்லாக் நோய்க்கூட்டு. 1959-இல் செக் மருத்துவர்கள் இருவர் விவரித்தது. போர்ட்டோ ரிக்கோவின் வடமேற்கில் சுமார் 1,800 பேரில் ஒருவருக்கு இருக்கிறது.

எண்ணிக்கை சரியாக இருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. பிளேட்லெட் போதுமான அளவு இருக்கிறது, உள்ளே சரக்கில்லை. சேமிக்க இடமில்லாத செரோடோனின் சிதைந்துபோவதால் ரத்த அளவு குறைகிறது.

நுண்ணோக்கி: ஒரு திருத்தம். ரத்தம் நிற்காததற்குச் செரோடோனின் குறைவு மட்டும் காரணமில்லை. அதே துகளில் இருக்க வேண்டிய ஏடிபி (ADP) என்னும் வேதிப்பொருள் இல்லாததுதான் பெரிய இழப்பு. பக்கத்துப் பிளேட்லெட்டுகளைக் கூப்பிடுவது அதுதான். செரோடோனின் இங்கே ஓர் அடையாளம். வேறு சேமிப்புக் குறைபாடுகளிலும் அது குறையும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

உறுதி செய்வது எலக்ட்ரான் நுண்ணோக்கி. பிளேட்லெட் நிறைந்த பிளாஸ்மா ஒரு சொட்டைக் கிரிட் என்னும் நுண்வலையில் உலர்த்தி, சாயமே இல்லாமல் பார்ப்பார்கள். கால்சியத்தால் அடர்துகள்கள் தாமே கரும்புள்ளியாகத் தெரியும். சாதாரணமாக ஒரு பிளேட்லெட்டுக்கு 4 முதல் 8. இந்நோயில் ஒன்றுகூட இருக்காது.

மாதிரி பழுதாவதுதான் அடிக்கடி நடக்கும் கோளாறு. பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றனவா என்று பார்க்கும் திரட்டல் பரிசோதனைக்கு நீல மூடி சிட்ரேட் குழாய் வேண்டும், ஈடிடிஏ குழாய் உதவாது. ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், குலுக்காதீர்கள், 4 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். முந்தைய 7 முதல் 10 நாட்களுக்குள் ஆஸ்பிரின் கொடுத்திருந்தால் திரட்டல் முடிவு தவறாகக் காட்டும். சிலவகை மனச்சோர்வு மாத்திரைகளும் பிளேட்லெட் செரோடோனினை வற்றச் செய்யும்.

நிலாமுற்றம்: முடிவு வரும்வரை பல்லை எடுக்கலாமா?

செங்குருதி: அவசரமில்லையென்றால் காத்திருங்கள். எடுத்தே ஆக வேண்டுமானால் ரத்தவியல் மருத்துவரும் பல் மருத்துவரும் சேர்ந்து திட்டமிட வேண்டும். ரத்தப்போக்கைக் குறைக்கும் டெஸ்மோபிரசின் மருந்து, உடல் எடையில் கிலோவுக்கு 0.2–0.3 மைக்ரோகிராம், சலைனில் கலந்து 30 நிமிடத்தில் நரம்பு வழியாகச் சிகிச்சைக்குச் சற்று முன் தருவது வழக்கம். எல்லாருக்கும் பலிப்பதில்லை, அதனால் ஏற்றுவதற்குப் பிளேட்லெட் தயாராக இருக்கட்டும். இந்த மருந்துக்குப் பிறகு 24 மணி நேரம் தண்ணீரைக் கட்டுப்படுத்த வேண்டும். குழந்தை அழுகிறதே என்று குடிக்கக் கொடுத்துக்கொண்டே இருந்தால் சோடியம் இறங்கி வலிப்பு வரலாம். இதைப் பெற்றோரிடம் வாயால் சொன்னால் போதாது, எழுதிக் கொடுக்க வேண்டும்.

வீட்டில் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஐபுபுரூஃபன், மெஃபெனாமிக் அமிலம் வேண்டாம். பாராசிட்டமாலோடு இவை கலந்த சிரப்புகள் கடையில் சாதாரணமாகக் கிடைக்கின்றன, லேபிளை முழுக்கப் படியுங்கள்.

நுண்ணோக்கி: மரபணுச் சோதனையையும் தள்ளிப்போடாதீர்கள். எந்த வகை என்பது முக்கியம்: 2-ஆம் வகையில் வெள்ளணு குறைந்து அடிக்கடி தொற்று வரும், 1, 4-ஆம் வகைகளில் நடுவயதில் நுரையீரல் தழும்பேறும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோய். எனவே மாமன் மகள், அக்காள் மகள் என்று சொந்தத்தில் மணந்த பெற்றோரென்றால் வாய்ப்பு கூடும். உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. தம்பி, தங்கை இருந்தால் அவர்களையும் அழைத்துப் போங்கள்.