மறுமொழி: ராக் ஸ்லைடருக்குத் தமிழில் என்ன சொல்வது?

அனைவருக்கும் வணக்கம்.

கரடுமுரடான தடத்தில் வண்டியின் பக்கம் கல்லில் அடிபடாமல் இருக்கக் கதவுக்குக் கீழே மாட்டும் குழாய்தான் ராக் ஸ்லைடர். நம் சொற்பட்டியல் பதிவில் அதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற விவாதத்தை மூன்று நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பாறைச்சறுக்கி, கல்தாங்கி, பக்கக்காப்பு, பக்கப்படி என்று நான்கு சொற்கள் களத்தில் நிற்கின்றன. கடைசிச் சொல்லால் எனக்கு ஒரு கதவே போனது. அதனால்தான் இந்த நீள மடல்.

> இரண்டுமே கதவுக்குக் கீழே நீளவாக்கில் போகிற குழாய்தானே? பக்கப்படி என்ற ஒரே சொல் போதாதா?

போதாது அக்கா. நான் இருப்பது கலிஃபோர்னியாவில், சாக்ரமெண்டோ பக்கம். டொயோட்டா டகோமா பிக்கப் ஒன்றைப் பழையதாக வாங்கியபோது, கதவுக்குக் கீழே கறுப்புக் குழாய் ஏற்கெனவே மாட்டியிருந்தது. ஊரில் கதவுக்குக் கீழே எது இருந்தாலும் நமக்கு அது ஃபுட்போர்டுதான். நானும் அப்படியே நினைத்துக்கொண்டேன். குழாய் இருக்கிறது, கல் பட்டால் அது பார்த்துக்கொள்ளும் என்று. ரூபிகான் தடத்துக்கு லூன் ஏரிப் பக்கமாகப் போனோம். டாஹோ ஏரிப் பக்கம் போய் முடிகிற அந்தத் தடம் மொத்தம் சுமார் 35 கிலோமீட்டர், பாதி இடத்தில் பாதை என்பதே கருங்கல் குவியல்தான். நாங்கள் முதல் ஒரு கிலோமீட்டரைக்கூடத் தாண்டவில்லை. முன்சக்கரம் ஒரு கல்லிலிருந்து இறங்கியதும் வண்டியின் நடுப்பகுதி அந்தக் கல்லின்மேல் உட்கார்ந்தது. அந்தக் குழாய் முருங்கைக்காய் போல மடங்கி, மேலே போய், கதவுக்கு அடியில் இருக்கும் தகட்டை உள்ளே தள்ளிவிட்டது. பக்கத்து இருக்கையில் இருந்தவர் என் மடியைத் தாண்டித்தான் இறங்கினார். கதவு திறக்கவில்லை.

பிறகுதான் புரிந்தது, அது வெறும் படி. மெல்லிய குழாய், மெல்லிய பிடிமானம், அதுவும் வண்டியின் உடல் தகட்டோடு. ஓர் ஆள் ஏறி நின்றால் தாங்கும், அவ்வளவுதான். ராக் ஸ்லைடர் என்பது தோற்றத்தில் அதற்குச் சகோதரன். வேலையில் உறவே கிடையாது. அதன் கால்கள் மூன்றோ நான்கோ நேரே சேஸிஸில், அதாவது வண்டியின் எலும்புக்கூடான அடிச்சட்டத்தில், போய்ப் பிடிக்கும். இரண்டு டன் எடையுள்ள வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து கல்லின்மேல் விழுந்தால், அந்தப் பாரம் தகட்டைத் தொடாமல் சேஸிஸுக்குப் போக வேண்டும். விழுந்த வண்டி அங்கேயே மாட்டிக்கொள்ளாமல், அந்தக் குழாயின்மேலேயே வழுக்கி முன்னே நகரவும் வேண்டும். சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. உயரமான பண்ணை ஜாக்கியை அதன் அடியில் கொடுத்துத் தூக்கிப் பாருங்கள். சக்கரம் தரையை விட்டு எழுந்தால் அது ஸ்லைடர். குழாய் மட்டும் மேலே வந்தால் அது படி. (வண்டி விற்பனைக்கு நிற்கும் இடத்தில் இதைச் செய்து பார்க்க விடமாட்டார்கள், அது வேறு விஷயம்.)

ஆகவே என் முதல் கோரிக்கை: படி என்ற சொல் ஏறுகிற படிக்கே இருக்கட்டும். ஸ்லைடர்மேலும் கால் வைத்து ஏறலாம் என்பது உண்மைதான். அம்மிமேல்கூட ஏறி நிற்கலாம், அதனால் அது படி ஆகிவிடாது.

> பாறைச்சறுக்கி நேர் மொழிபெயர்ப்பு. ஆங்கிலத்திலும் அதுதானே பெயர்.

ஆங்கிலத்திலேயே அது ஒரே பெயர் இல்லை ஐயா. பிரிட்டனில் லேண்ட் ரோவர் ஓட்டுகிறவர்கள் இதையே ட்ரீ ஸ்லைடர் என்றும் சொல்வார்கள். அங்கே காட்டுத்தடத்தில் பக்கவாட்டில் உரசுவது பெரும்பாலும் மரம்தான். ஜீப் ராங்ளர் ரூபிகான் என்ற வண்டியில் தொழிற்சாலையிலேயே மாட்டி வருவதற்கு ராக் ரெயில் என்று பெயர். ஆக ஓரிடத்தில் பாறை போய்விட்டது, இன்னோரிடத்தில் சறுக்கல் போய்விட்டது. நாம் ஏன் ஒரு கண்டத்துக் கல்லை நம் சொல்லில் கட்டிக்கொள்ள வேண்டும்? அதோடு கடற்கரையில் வளர்ந்த எனக்குப் பாறை என்றால் முதலில் ஞாபகம் வருவது மீன். பாறைச்சறுக்கியைப் பொரித்துச் சாப்பிடலாமா என்று வீட்டில் கேட்டுவிட்டார்கள்.

இன்னொரு குழப்பமும் இழையில் ஓடுகிறது. கதவுக்கு அடியில் இருக்கும் ராக்கர் பேனலைப் பாறைத்தகடு என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்த ராக்கருக்கும் கல்லுக்கும் தொடர்பில்லை. ஆடும் நாற்காலியிலும் இதே ராக்கர் என்ற சொல் வருகிறது. அதே பாகத்தை பிரிட்டனில் சில் என்பார்கள், சன்னலுக்கும் கதவுக்கும் அடியில் இருக்கும் கட்டைக்கு உள்ள அதே சொல். இதற்குக் கதவடித்தகடு என்பது போதும் என்று நினைக்கிறேன். பட்டறையில் சொன்னால் கையைக் காட்டாமலேயே புரியும்.

சரி, சறுக்கு. இதற்குத்தான் எதிர்ப்பு அதிகம்.

> சறுக்கல் என்றாலே நமக்குத் தோல்வி. பங்குச்சந்தை சறுக்குகிறது, ஆனைக்கும் அடி சறுக்கும். காசு கொடுத்து யார் சறுக்கலை வாங்குவார்கள்?

நியாயமான கேள்வி. ஆனால் பள்ளிக்கூடத்துச் சறுக்குமரத்தில் எந்தப் பிள்ளையும் தோற்றதாக நினைப்பதில்லை. தேர் இழுக்கிற ஊர்க்காரர்கள் இங்கே இருப்பீர்கள். சறுக்குக்கட்டை என்ற சொல் உங்களுக்குப் பழக்கம். ஓடும் தேரின் சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுத்து அதன் போக்கைத் திருப்புகிறார்களே, அது. அங்கே சறுக்கு என்பது விபத்து இல்லை, கைத்திறன். பெரும் பாரத்தை நாம் விரும்பிய பக்கம் நழுவவைப்பது. இந்தக் கருவி செய்வதும் ஏறக்குறைய அதுதான். முதலில் சறுக்குக்கட்டை என்றே வைத்துவிடலாமா என்று எனக்கு ஆசை இருந்தது. ஆனால் அது தேருக்குச் சொந்தமான சொல். எடுத்துக்கொண்டால் அங்கேயும் குழப்பம், இங்கேயும் குழப்பம். எஃகுக் குழாயைக் கட்டை என்பதும் ஒட்டவில்லை. வழுக்கு என்று தொடங்கும் சொல் வேண்டாம், முடி கொட்டிய நண்பர்கள் இந்தக் குழுவில் பலர்.

நான் முன்வைப்பது: சறுக்குத்தண்டு.

தண்டு என்பதில் ரெயில் இருக்கிறது, தண்டவாளத்தால் பழகிய காது நமக்கு. வட்டக் குழாயோ சதுரக் குழாயோ, இரண்டுக்கும் பொருந்தும். சறுக்குச்சட்டம் என்று ஒரு பரிந்துரை வந்தது. சேஸிஸுக்கு அடிச்சட்டம் என்று எழுதுகிறவர்கள் இருப்பதால், சட்டத்தில் சட்டத்தை மாட்டு என்று கையேட்டில் எழுத நேரும். இன்னொரு லாபமும் உண்டு. எஞ்சினுக்கு அடியில் மாட்டும் ஸ்கிட் பிளேட்டுக்குச் சறுக்குத்தகடு என்று வைத்துவிட்டால், அடியில் தகடு, பக்கத்தில் தண்டு என்று இரண்டும் ஒரே குடும்பம் ஆகிவிடும். காப்பு, கவசம் என்று போனால் இந்த உறவு தெரியாது. கல்லின்மேல் உட்கார்ந்தாலும் நகர்ந்துவிடு என்பதுதான் இரண்டுக்கும் பொதுவான தத்துவம்.

> வினைத்தொகை என்றால் ஒற்று மிகாதே. சறுக்குதண்டு அல்லவா சரி?

ஐயா பிடிப்பார் என்று தெரியும். சுடுகாடு, ஊறுகாய் போல வினைத்தொகையாகக் கொண்டால் ஒற்று வராதுதான். நான் இங்கே சறுக்கு என்பதை முதனிலைத் தொழிற்பெயராக, ஒரு பெயராகவே எடுத்துக்கொள்கிறேன். சறுக்குக்கு உரிய தண்டு. வன்தொடர்க் குற்றியலுகரம் என்பதால் ஒற்று மிகும். தேர்க்காரர்களும் சறுக்குக்கட்டை என்றுதான் ஒற்றோடு சொல்கிறார்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் ஒற்றை எடுத்துவிடுங்கள், அதற்காக நான் தண்டெடுத்து வரமாட்டேன்.

அப்புறம், யாழ்ப்பாணத்து அண்ணா கேட்டது: பதிவில் பிக்கப் என்பதா, கெப் என்பதா? இலங்கையில் கெப் என்றால்தான் புரியும், தமிழ்நாட்டில் பிக்கப். இரண்டையும் போட்டுவிடுவோம். இதற்குப் புதுச்சொல் செய்ய ஆரம்பித்தால் பொங்கலுக்கும் முடியாது.

கோவைப் பட்டறைத் தம்பி இடையில் எதை வாங்குவது என்றே கேட்டுவிட்டார். சொல் விவாதத்தில் அது காணாமல் போயிற்று. கதவு போன அனுபவத்தில் சொல்கிறேன். முதலில் கால் எங்கே பிடித்திருக்கிறது என்று பாருங்கள், குழாயின் மினுக்கத்தை அப்புறம் பார்க்கலாம். குழாய் ஒன்றேமுக்கால் அங்குல விட்டம், சுவர் கனம் 3 மில்லிமீட்டர் அளவில் இருப்பது இங்கே பரவலான அளவு. உள்ளே அச்சு வைத்து இழுத்த குழாய் என்றால் வலு கூடுதல், விலையும் கூடுதல். சேஸிஸில் வெல்டு வைப்பது உறுதியானது. ஆனால் ஒருமுறை வைத்தால் வைத்ததுதான், வெல்டு வைக்கிற கை சரியில்லை என்றால் சேஸிஸே கெடும். நட்டு போல்ட்டில் மாட்டுவது கழற்றி மாற்ற வசதி. நான் போல்ட்டுக்குப் போனேன். தரைக்கு இணையாகக் கிடந்தால் கால் வைக்க நல்லது. வெளிவிளிம்பு கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்ந்திருந்தால் கதவுக்குப் பாதுகாப்பு அதிகம், மழையில் ஏறுகிறவருக்குச் சிரமம். என் வீட்டில் இதில் இன்னும் உடன்பாடு வரவில்லை. பின்சக்கரத்துப் பக்கம் தண்டு வெளியே வளைந்து வருவதையும் கவனியுங்கள். திருப்பத்தில் மரத்திலோ கல்லிலோ உரசும்போது, பின்பக்கத்தை அந்த வளைவு தள்ளி வெளியே விட்டுவிடும். அதற்கு நான் மனத்துக்குள் வைத்திருக்கும் பெயர் தள்ளுவளைவு, விருப்பமிருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். எஃகில் செய்தது ஜோடி 50 கிலோவை எளிதில் தாண்டும், தனியாகத் தூக்கி மாட்ட முயலாதீர்கள்.

பதிவுக்கு என் வரைவு:

சறுக்குத்தண்டு: கரடுமுரடான தடத்தில் ஓடும் வண்டியின் முன், பின் சக்கரங்களுக்கு இடையே, கதவடித்தகட்டுக்குக் கீழாகச் சேஸிஸில் பொருத்தப்படும் வலுவான குழாய். வண்டியின் பாரத்தைத் தாங்கி, தடையின்மேல் அதை நழுவிப் போகச் செய்வது. பக்கப்படி வேறு.

கடைசி இரண்டு சொல்லை யாரும் வெட்டிவிடாதீர்கள், தயவுசெய்து.

தம்பி, நாளை பட்டறைக்கு வருகிற ஓட்டுநர் யாரிடமாவது விளக்கம் எதுவும் கொடுக்காமல், சறுக்குத்தண்டு மாட்டணுமா என்று கேட்டுப் பாருங்கள். அவர் குனிந்து வண்டியில் எந்த இடத்தைப் பார்க்கிறார் என்று எழுதுங்கள். அதற்குப் பிறகு வாக்கெடுப்பு வைத்துக்கொள்ளலாம்.