பழைய கார் வினா விடைக்கு நல்ல கேள்வி வேணும் (ஏப்ரல் சீசன், நுவரெலியா)

நானுஓயா_மைனர்:
எல்லாருக்கும் வணக்கம். ஏப்ரல் சீசனுக்கு பழைய கார் வச்சிருக்கவங்க கொஞ்சப் பேரு நுவரெலியாவுல ஒண்ணு கூடுறோம், மஹகஸ்தோட்ட ஹில் கிளைம்ப் (மலை ஏத்த கார் ரேஸ்) பாக்க வர்றவங்களும் வருவாங்க, அதுல வினா விடை நடத்துற பொறுப்ப என்கிட்ட குடுத்திருக்காங்க. நெட்ல தேடுனா எல்லா எடத்துலயும் அதே கேள்விதான். போர்ஷ 911க்கு மொதல்ல என்ன பேரு (901, நடுவுல சைபர் வர்ற நம்பர் எங்களுதுன்னு பெஜோகாரங்க சொன்னதால மாத்துனது), இதெல்லாம் போன்ல தட்டுனா வந்துரும். எனக்கு வேணுங்கிறது கார் முன்னுக்கு நின்னு கைய நீட்டிக் கேக்குற மாதிரி கேள்வி, பதிலும் அந்தக் கார்லயே இருக்கணும். வர்றது மொரிஸ் மைனர்தான் கூட, அதோட ஒஸ்டின் ஏ40 சமர்செட், லேண்ட் ரோவர், பீட்டில், ஒரு மினி. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஹட்டன்_கராஜ்:
தம்பி, மைனர்ல இருந்தே ஆரம்பிங்க. பானட் நடுவுல மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு பட்டி மாதிரி ஓடுது பாருங்க, அது எதுக்குன்னு கேளுங்க, மைனர் வச்சிருக்கவங்கள்லயே பாதிப் பேருக்கு தெரியாது, அழகுக்குன்னு சொல்லுவாங்க. வண்டிய டிசைன் பண்ண இசிகோனிஸ், வேலையெல்லாம் முடியிற நேரத்துல பாத்துட்டு அகலம் பத்தலன்னு சொல்லி மாதிரி வண்டிய நெடுக்க ரெண்டா வெட்டி, தள்ளி வச்சுப் பாத்து 4 அங்குலம் கூட்டுனாரு, அந்த 4 அங்குலம்தான் பானட்ல தெரியிற பட்டி. பம்பர் எல்லாம் அதுக்கு முன்னுக்கே செஞ்சு வச்சிட்டதால, ஆரம்பத்துல வந்த வண்டிகள்ல பம்பரையும் நடுவுல வெட்டி ஒரு துண்டு வச்சு சேத்திருப்பாங்க. 1948ல லண்டன்ல காட்டுன இந்த வண்டிய கம்பெனி மொதலாளி நஃபீல்டு பிரபுவுக்கு பிடிக்கவே இல்ல, ஆனா 10 லட்சம் வித்த மொத இங்கிலீஸ் கார் இதுதான்.

இன்னொண்ணு. மைனர்லயே டிரவலர் மொடல் வந்தா, பின்னால உள்ள மரச்சட்டம் சோடனைக்கா, இல்ல பாடிய தாங்குதான்னு கேளுங்க. தாங்குது. மரம் உழுத்துப் போனா பின்பக்கம் முழுக்கப் போச்சு, நம்ம மலை ஈரத்துக்கு அதான் பெரிய தலவலி.

கொட்டகலை_லேண்டி:
லேண்ட் ரோவருக்கு ஒரு காந்தம் கொண்டு போங்க. சின்னப் பசங்க கையில குடுத்து பாடில ஒட்டச் சொல்லுங்க, ஒட்டாது, ஏன்னு கேளுங்க. ரெண்டாவது உலகச் சண்டைக்குப் பொறகு இங்கிலாந்துல இரும்புத் தகடு ரேஷன்ல இருந்துச்சு, அதனால பேர்மாபிரைட்னு அலுமினியக் கலவைல பாடி அடிச்சாங்க, அடிச் சட்டம் (சேசி) மட்டும் இரும்பு. 1948 ஏப்ரல்ல அம்ஸ்டர்டாம் ஷோவுல காட்டுனது, ஆரம்ப வண்டியெல்லாம் ஏன் ஒரே பச்சைன்னா விமானத்துக்கு உள்ளுக்கு அடிக்கிற பெயின்ட் மிஞ்சிக் கெடந்துச்சு. தோட்டத்துல தொரைமாரு வச்சிருந்த வண்டி இத்தன வருசம் மழையில நின்னும் பாடி உக்காம இருக்குறதுக்கு அந்த அலுமினியந்தான் காரணம்.

வெலிமடை_பழசு:
சத்தத்துல ஒரு ரவுண்ட் வைங்க அண்ணே, ரொம்ப நல்லா இருக்கும். எல்லாரையும் அந்தப் பக்கம் திரும்பி நிக்கச் சொல்லிட்டு மைனர் சாவிய மட்டும் திருப்புங்க, ஸ்டார்ட் பண்ண வேணாம். டிக் டிக்னு சத்தம் வந்து நிக்கும். அது எஸ்.யூ. கம்பெனியோட கரன்ட் பெட்ரோல் பம்ப். அப்புறம் ஒஸ்டின் ஏ35 ஒண்ணு கெடச்சா அதையும் திருப்புங்க, சத்தமே வராது, ஏன்னா அதுல இருக்குறது எஞ்சின் சுத்துனாத்தான் வேலை செய்யிற பம்ப். எஞ்சின் என்னவோ ரெண்டுலயும் அதே ஏ சீரிஸ், ஆரம்பத்துல வந்த மைனர் 1000லயும் ஏ35லயும் 948 சிசி. ராம்பொடை ஏத்தத்துல சூட்டுக்கு பெட்ரோல் கொதிச்சு வண்டி நின்னு, பம்ப் மேல ஈரத் துணி போட்டவங்களுக்கு இந்தக் கேள்வி நல்லா பிடிக்கும்.

மினிக்கு, கியர்பொக்ஸ் ஓயில் எங்க ஊத்துறதுன்னு கேளுங்க. கியர்பொக்ஸ் எஞ்சினுக்கு அடியில ஓயில் நிக்கிற சம்ப்புக்குள்ளயே இருக்கு, ரெண்டுக்கும் ஒரே ஓயில். ஆனா எஞ்சின குறுக்க வச்சு முன் வீல் இழுக்குற மொத கார் மினின்னு மட்டும் கேள்வி போட்றாதீங்க, ஜெர்மனில டி.கே.டபிள்யூ. கம்பெனி 1931லயே செஞ்சுட்டாங்க.

ஹட்டன்_கராஜ்:
வெலிமடைத் தம்பி சொல்றது சரி, "மொத", "அதிகம்"னு வர்ற கேள்வியெல்லாம் சண்டையிலதான் முடியும். அதிகமா வித்த கார் எதுன்னு கேட்டா பீட்டில்னு ஒருத்தர் நிப்பாரு, கொரோலான்னு இன்னொருத்தர் நிப்பாரு, ரெண்டு பேரு சொல்றதுலயும் நியாயம் இருக்கு. ஒரே டிசைன்னு பாத்தா பீட்டில், 2 கோடியே 15 லட்சத்துக்கு மேல. பேர மட்டும் பாத்தா கொரோலா. அதனால இப்பிடிக் கேளுங்க: 1972 பிப்ரவரில ஃபோர்டு டி மொடல் செஞ்ச எண்ணிக்கைய தாண்டுன கார் எது? பீட்டில், அதுல ஒருத்தரும் வாய் தொறக்க முடியாது. பீட்டில் வந்தா இன்னொண்ணும் இருக்கு, 60கள்ல வந்த வண்டில கண்ணாடிக்கு தண்ணி அடிக்கிறதுக்கு மோட்டர் கெடையாது, ஸ்பெயார் டயர்ல உள்ள காத்துதான் தள்ளுது. பானட்ட தொறந்து அந்த டியூப காட்டுங்க, பசங்க மறக்கவே மாட்டாங்க.

பண்டாரவளை_ஈஎன்:
நம்ம நாட்டு விசயம் ஒண்ணாவது சேருங்க. நம்பர் பிளேட்ட பாத்து வண்டி எந்தக் காலத்துல பதிஞ்சதுன்னு சொல்லச் சொல்லுங்க. ஈ.என்., ஈ.வை., சி.எல். எல்லாம் சிலோன்ங்கிற பேருல உள்ள இங்கிலீஸ் எழுத்த எடுத்து போட்டது, சிங்கள ஸ்ரீ எழுத்து போட்ட நம்பர் 50களோட கடைசியிலதான் வருது. அந்த ஸ்ரீ எழுத்து மேல தார் பூசுன போராட்டம் வடக்குல மட்டும் இல்ல, நம்ம மலையகத்துலயும் நடந்துச்சு, அதையும் ரெண்டு வார்த்தை சொல்லுங்க, இப்ப உள்ள புள்ளைகளுக்கு தெரியணும்.

நானுஓயா_மைனர்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. காந்தமும் பம்ப் சத்தமும் கட்டாயம் வைக்கிறேன், நம்பர் பிளேட்டுக்கு தனி ரவுண்ட் போட்றேன், பண்டாரவளை அண்ணே அத நீங்களே வந்து நடத்துனா நல்லா இருக்கும். ஏ35 மட்டும் இன்னும் கெடைக்கல. ஹப்புத்தளை, வெலிமடை பக்கம் ஓடுற நெலமைல யாருகிட்டயாவது இருந்தா இங்கயே சொல்லுங்க, பெட்ரோல் செலவு நாங்க பாத்துக்குறோம்.