சமனுறுப்பு விழித்தெறிவினை: ஒரு கலைச்சொல் முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம். தலை திரும்பும்போது கண்கள் தாமாகவே எதிர்ப்பக்கம் நகரும் செயலுக்குச் சென்ற வாரம் முன்வைக்கப்பட்ட ‘முன்றில் கண் அனிச்சை’ என்னும் சொல்லை என்னால் ஏற்க இயலவில்லை. உட்செவியின் நடு எலும்பறைக்குப் பழைய உடற்கூற்றியலார் வீட்டு முன்கூடத்தின் பெயரை இட்டது உண்மைதான். அதை அப்படியே பெயர்ப்பதானால் பினாங்குக்காரர்களாகிய நாம் கடைவீடுகளின் முன்னுள்ள நடைபாதையை நினைத்து ‘அஞ்சடிக் கண்’ என்றுகூடச் சொல்லலாம். கேட்பவருக்குக் கடைத்தெருதான் நினைவுக்கு வரும்.

பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரியில் வரும்போது நாளிதழை முகத்துக்கு நேரே பிடித்து இடவலமாக வேகமாக ஆட்டிப் பார்த்தேன், எழுத்துகள் கலங்கிவிட்டன. இதழை அசைக்காமல் அதே வேகத்தில் தலையை ஆட்டியபோது பொடியெழுத்தையும் படிக்க முடிந்தது. (எதிரே இருந்த அம்மையார் நான் எதையோ பிடிவாதமாக மறுப்பதாக எண்ணியிருப்பார்.) தலை வலப்பக்கம் திரும்பினால் உட்செவியின் அரைவட்டக் குழலிலுள்ள நீர் பின்தங்கி, அசைவை உணரும் மயிரணுக்களை வளைக்க, வலச்செவியிலிருந்து எழும் துடிப்பு மூளைத்தண்டு வழியே இடக்கண்ணின் வெளித்தசையையும் வலக்கண்ணின் உட்தசையையும் சுருங்கச் செய்வதால், இரு விழிகளும் இடப்பக்கம் நகர்கின்றன. மூன்றே நரம்பணுக்கள் தொடர்ந்த வழியாதலால் சுமார் 10 மில்லிநொடியில் இது தொடங்கிவிடுகிறது. கண்ணால் கண்டு பின்தொடர்வதற்கோ ஏறத்தாழ 100 மில்லிநொடி பிடிக்கும்.

இருட்டிலும் இது நிகழ்வதால் பெயரில் ‘பார்வை’ வேண்டாம். ‘தலையெதிர் விழிநகர்வு’ அழகான சொல்தான், ஆயினும் 1914-ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபெல் பரிசு பெற்ற ராபர்ட் பாராணி, அசையாத தலையின் செவிக்குள் குளிர்ந்த அல்லது வெந்நீர் செலுத்தினாலே விழிகள் துடிப்பதைக் காட்டிவிட்டார். ஆகவே பெயர் சுட்டவேண்டியது தலையசைவை அன்று, உட்செவியில் சமநிலை உணரும் உறுப்பையே. வெறுமனே ‘செவி’ என்றால் ஓசை கேட்டுத் திரும்பும் கண் என்று பொருள்படும்.

அடுத்து ‘அனிச்சை’. விருப்பமின்றி நடப்பது என்ற அளவில் இதயத்துடிப்பும் அனிச்சையே. இலங்கைப் பாடநூல்களின் ‘தெறிவினை’யோ, நாண் தெறிப்பதுபோல் தூண்டலுக்கு உடனே எழும் வினை என்பதைச் சொல்லிலேயே வைத்திருக்கிறது. எனவே ‘சமனுறுப்பு விழித்தெறிவினை’ என்பதே என் பரிந்துரை, சற்று நீளம்தான். ‘சமவிழி’ என்று குறுக்கினால் மாறுகண் இல்லாதவர் என்று கொள்ள இடமுண்டு.

‘அரைவட்டக் குழல்’ என்பதை மாற்ற வேண்டியதில்லை. இடைநிலைப்பள்ளியில் ‘சாலுர் செபாரு புலாட்’ என்று மலாய்மொழியில் படித்த நம் பிள்ளைகளுக்கும் அது உடனே பிடிபடும்.