புதுப்பிப்பு: கொழிஞ்சாம்பாறை (பாலக்காடு மாவட்டம், கேரளா) வீட்டு வேலி

கிளுவை (முள் உள்ள உயிர்வேலி மரம்) வேலியை எடுத்துவிட்டு ஹாலோ பிளாக் மதில் கட்ட அனுமதி வேண்டுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பஞ்சாயத்தில் விசாரித்துவிட்டேன். கேரள பஞ்சாயத்து கட்டட விதிகள் 2019-இன்படி, பொது ரோட்டை ஒட்டிக் கட்டும் மதிலுக்கு பெர்மிட் கட்டாயம். சரி, விண்ணப்பித்தாயிற்று.

அப்புறம், காட்டுப்பன்றிக்காக வேலிக் கம்பியில் வீட்டுக் கரண்டை விடச் சொன்னார் ஒருவர். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். 230 வோல்ட், தொட்டவரை விடாமல் பிடித்துக் கொன்றுவிடும்; சட்டப்படியும் குற்றம். இருட்டில் அந்தப் பக்கம் வருவது பக்கத்து வீட்டுக் குழந்தையாகவும் இருக்கலாம். எனர்ஜைசர் (கரண்டைச் சிறு துடிப்புகளாக விடும் கருவி) வைத்த சோலார் வேலியில் நொடிக்கு ஒரு சிறு துடிப்புதான் ஓடும். பன்றி மிரண்டு ஓடும், உயிர் போகாது.

தோட்டத்துப் பக்கம் கிளுவையே இருக்கட்டும். இடைவெளிகளில் ஐப்பசி மழைக்குப் போத்து (வெட்டி நடும் கிளைத்துண்டு) நடப்போகிறேன்.