'அண்டர்வோல்ட்டிங்': குறைப்பா, தணிப்பா?

குழுமத்தாருக்கு வணக்கம்.

'அண்டர்வோல்ட்டிங்' என்பது கணினிச் சில்லுக்குப் (சிப்) போகும் மின்னழுத்தத்தை வேண்டுமென்றே இறக்கி ஓட்டுவது. அதற்கு நம் கலைச்சொல் பட்டியலுக்காக இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: கீழ்மின்னழுத்தம், குறைமின்னழுத்தமாக்கல், மின்னழுத்தக் குறைப்பு. முதல் இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், ஓடவில்லை. மூன்றாவது எளிமையானது. அதற்கே என் ஆதரவு என்று எழுத இருந்தேன். போன சனிக்கிழமை இரவு மனம் மாறிவிட்டது.

சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் மகனின் அறை சின்னது. ஏசி போடாவிட்டால் இரவு பத்து மணிக்கும் 30, 31 டிகிரி இருக்கும். அவன் கணினியில் இருப்பது 220 வாட் வரைகலை அட்டை (கிராஃபிக்ஸ் கார்டு). விளையாட்டைத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் விசிறி நிமிடத்துக்கு 2100 சுற்றைத் தொட்டுவிடும், கூடத்தில் உட்கார்ந்தால்கூடக் கேட்கும். அட்டைகளைச் சோதித்து எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இருபது சொச்சம் டிகிரி அறையில் வைத்துப் பார்க்கிறார்கள். குளிர்விப்பான் செய்வதெல்லாம் சில்லின் வெப்பத்தை அறைக்காற்றுக்குக் கடத்துவதுதான். அறை எட்டு டிகிரி கூடினால் சில்லும் ஏறத்தாழ எட்டு டிகிரி கூடும், இல்லையென்றால் விசிறி கூடுதலாக உழைக்க வேண்டும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் நமக்கு இது அன்றாடப் பாடு.

அன்று மகன் பக்கத்தில் உட்கார, அட்டையின் அமைப்புகளை மாற்ற உதவும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளைத் திறந்தேன். கன்ட்ரோலையும் எஃப்பையும் சேர்த்து அழுத்தினால் ஒரு வளைகோடு வரும். கிடையச்சில் மில்லிவோல்ட் (மின்னழுத்தம்), நிலையச்சில் மெகாஹெர்ட்ஸ் (சில்லின் அதிர்வெண், அதாவது வேகம்). அட்டை இயல்பில் 1050 மில்லிவோல்ட் அளவில் ஓடிக்கொண்டிருந்தது. 900 என்ற புள்ளியைப் பிடித்து 1850 மெகாஹெர்ட்ஸ் உயரத்துக்கு இழுத்தேன். அதற்கு வலப்பக்கம் இருந்த புள்ளிகளையெல்லாம் அதே உயரத்தில் தட்டையாக்கிவிட்டேன். அட்டை இனி 900ஐத் தாண்டி மேலே போகாது.

பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் மாமனார் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன மாப்ள பண்றீங்க?" என்றார். "மின்னழுத்தத்தைக் குறைக்கிறேன் மாமா, சூடு கம்மியாகும்" என்றேன். அவர் பதறிவிட்டார். "லோ வோல்டேஜ்லயா ஓட்டப் போறீங்க? காயில் எரிஞ்சிடுமே! விலை கூடுன சாமானாச்சே?"

அவர் சொன்னதில் தப்பே இல்லை. போர்செட் வைத்து விவசாயம் பார்த்தவர். மோட்டார் அதே சுமையை இழுத்தாக வேண்டும், அதனால் கம்பியில் வரும் அழுத்தம் இறங்கினால் மின்னோட்டம் ஏறுகிறது. சுருள் சூடாகிறது, கடைசியில் எரிகிறது. தமிழ்நாட்டில் இதைக் கண்டு அனுபவித்த தலைமுறைக்கு 'மின்னழுத்தம் குறைவு' என்றாலே மங்கிய குழல்விளக்கும் புகைந்த மோட்டாரும்தான். சில்லில் நடப்பது நேர் எதிர். டிரான்சிஸ்டர்கள் திறந்து மூடுவதற்குச் செலவாகும் மின்திறன், அழுத்தத்தின் வர்க்கத்துக்கும் அதிர்வெண்ணுக்கும் நேர்விகிதத்தில் போகிறது. அதிர்வெண்ணை மாற்றாமல் 1050ஐ 900 ஆக்கினால் அந்தச் செலவு 27 விழுக்காடு இறங்குகிறது. டிரான்சிஸ்டர் மூடியிருக்கும்போதும் கசியும் மின்னோட்டம் தனிக் கணக்கு, அதுவும் குறையத்தான் செய்யும். ஆக, சூட்டை ஆற்றும் வேலைக்குச் சூடேறி எரியும் பழுதின் பெயரையே வைக்கப் பார்க்கிறோம். 'குறை' என்பதற்குக் குற்றம் என்ற பொருளும் உண்டு. 'குறைமின்னழுத்தம்' என்று படிக்கிறவர் அட்டையில் ஏதோ பழுது என்றே நினைப்பார்.

என் பரிந்துரை: மின்னழுத்தத் தணிப்பு. வினை, தணி.

தணி என்பதை நாம் எங்கெல்லாம் ஆள்கிறோம் என்று பாருங்கள். அடுப்பைத் தணித்து வை என்றால் சோறு வேகாமல் போகட்டும் என்று பொருளில்லை. கொதி அடங்க வேண்டும், சமையலும் நடக்க வேண்டும். குரலைத் தணித்துப் பேசு என்றால் பேச்சை நிறுத்தச் சொல்லவில்லை. வெயில் தணிகிறது, காய்ச்சல் தணிகிறது, சினம் தணிகிறது. முருகன் சினம் தணிந்த இடம் என்பதால்தான் திருத்தணி என்கிறார்கள். தணிந்த கிளை என்று உயரம் குறைந்ததற்கும் அதே சொல்தான். இந்த வேலையில் இறங்குவதும் அழுத்தம், சூடு, சத்தம் ஆகிய மூன்றும்தான். மூன்றுக்கும் கூச்சமில்லாமல் பொருந்துகிற வினை இதைவிட எனக்குத் தெரியவில்லை. மேலும், தணிப்பது என்றால் ஒருவர் வேண்டுமென்றே செய்வது. குறைவு தானாகவும் வரும், தணிப்பு தானாக வராது.

மாமாவிடமும் அப்படியே மாற்றிச் சொன்னேன். "தேவைக்கு மேல கொதிக்குது, தணிச்சு வைக்கிறேன்" என்றதும், "அப்ப சரி" என்று போய்ப் படுத்துவிட்டார்.

'அழுத்தத் தணிப்பு' என்று சுருக்கலாமே என்று சிலருக்குத் தோன்றலாம். வேண்டாம். மன அழுத்தமும் இரத்த அழுத்தமும் குறுக்கே வந்து நிற்கும். 'மின்தணிப்பு' என்பதும் சரிப்படாது. அட்டைக்கு மின்திறன் வரம்பு வைப்பது வேறு வேலை. அங்கே 220 வாட்டுக்குப் பதில் 180 வாட் என்று உச்சத்தைக் கட்டிவிடுகிறோம், அட்டை தன் வேகத்தையும் அழுத்தத்தையும் தானே இறக்கிக்கொள்கிறது. அதிர்வெண்ணை மட்டும் இறக்குவதை 'வேகத் தணிப்பு' என்றும், அதை இயல்புக்கு மேல் ஏற்றும் ஓவர்க்ளாக்கிங்கை 'வேக ஏற்றம்' என்றும் வைத்தால் இணை சரியாக அமையும். சூடு எல்லை தொட்டதும் அட்டை தானாக வேகத்தைச் சுருக்கிக்கொள்வது மட்டுப்படுத்தல், அதைத் தணிப்போடு கலக்கக் கூடாது. என்விடியாவின் பல ஜிபோர்ஸ் அட்டைகளில் அந்த எல்லை 83 டிகிரி. தணிப்பின் பயனே அந்த நிலைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதுதான்.

இப்போது எங்கள் வீட்டு அட்டை 76 டிகிரியிலிருந்து 66க்கு வந்திருக்கிறது, விசிறி 1400 சுற்றில் நிற்கிறது. சுற்றுவேகம் பாதியானால் இரைச்சல் சுமார் 15 டெசிபல் இறங்கும் என்பது விசிறிகளுக்கான பொதுக் கணக்கு. மூன்றில் ஒரு பங்கு இறங்கியதே காதுக்குப் பெரிய ஆறுதல். ஆனால் விசிறி அடங்கிய பிறகு வேறொரு ஒலி கேட்க ஆரம்பித்தது, மெல்லிய 'கீ...' என்று. அட்டையிலுள்ள தூண்டுச்சுருள்கள் அதிர்வதால் வருவது அது. திரையில் படங்கள் நொடிக்கு முந்நூறு, நானூறு என்று ஓடும்போது கூடுதலாகக் கேட்கும். 'காயில் வைன்' என்பதற்குச் சுருள் ரீங்காரம் என்று ஒருவர் எழுதியிருந்தார். ரீங்காரம் வண்டுக்குரியது, காதுக்கு இனியது. இதைச் சுருள்கீச்சு என்பதே நேர்மை.

இன்னொரு சொல்லும் வேண்டும். கடைசியாக 900இலேயே நிலைக்குமுன், இடையில் பேராசைப்பட்டு 850 வைத்தேன். இருபது நிமிடத்தில் திரை கறுத்துப்போய்விட்டது. 875இல் சோதனையெல்லாம் தேறியது. ஆனால் இரண்டு நாள் கழித்து, மகன் நண்பர்களோடு ஆடிக்கொண்டிருந்தபோது விளையாட்டு பாதியில் மூடிக்கொண்டது. ஒரே வகை அட்டை என்றாலும் ஒவ்வொரு சில்லும் எவ்வளவு தாங்கும் என்பது வேறு. குறிப்பிட்ட வேகத்தில் சில் நிலையாக ஓடத் தேவையான மிகக் குறைந்த அழுத்தத்தைத் தணிவெல்லை என்று சொல்லலாமா? 'உன் அட்டைக்குத் தணிவெல்லை எவ்வளவு?' என்று கேட்டால் மகனுக்கு உடனே புரிந்தது, விளக்கம் தேவைப்படவில்லை.

'தணிப்பு' கலைச்சொல்லாகத் தோன்றவில்லை, வீட்டுச்சொல்லாக இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். 'இணையம்' என்ற சொல்லை நமக்குத் தந்த நா. கோவிந்தசாமி நம் ஊர்க்காரர். 1997இல் இங்கே நடந்த முதல் தமிழ் இணைய மாநாட்டுக்கு முன்நின்றவர். 'இணை' என்பதும் அடுப்படியிலும் வயலிலும் புழங்கிய சொல்தான். அதிலிருந்து வந்த 'இணையம்' இன்று எல்லாரும் ஆளும் சொல்.

இலங்கை அன்பர்களிடம் ஒரு கேள்வி. நீங்கள் வோல்ற்றளவு என்கிறீர்கள், அதிர்வெண்ணுக்கு மீடிறன் என்கிறீர்கள். 'வோல்ற்றளவுத் தணிப்பு' என்றால் உங்கள் காதுக்கு எப்படி இருக்கிறது? உங்கள் பள்ளிப் பாடநூல்களில் 'தணிப்பு' வேறு பொருளில் முன்பே இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். பட்டியலில் ஏற்றிய பிறகு மாற்றுவது கடினம். பதிவை வரும் ஞாயிறு இரவு வரை திறந்தே வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஈசூனிலிருந்து